எவ்வளவு நேரம், யாரோடு, எதற்காக?
பிள்ளைகளின் இணைய ஆட்டமும் பெற்றோரும்



வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் நின்ற ஓர் ஆசிரியையின் நினைவாக அவருடைய மக்கள் நிறுவியது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை. பிள்ளைகளைப் பற்றி, அவர்களை வளர்ப்பவர்களிடம் பேச வேண்டும் என்பது ஒன்றே அவர்கள் விதித்த நிபந்தனை. மனநல மருத்துவனான நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் ஆட்டங்கள். அவற்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன தெரிகிறது என்பதையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

என்னிடம் வரும் பெற்றோரின் புகார் பெரும்பாலும் ஓர் எண்ணில் தொடங்கும். “நாளைக்கு ஆறு மணி நேரம் டாக்டர்” என்பார்கள். “லீவு விட்டா விடிய விடிய” என்பார்கள். நேரத்தைச் சொன்னதும் நோயையே சொல்லிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. எத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் அடிமை என்று நான் ஒரு கணக்குச் சொல்வேன் எனவும் எதிர்பார்க்கிறார்கள். அப்படியொரு கணக்கு மருத்துவத்தில் கிடையாது. பிள்ளை யாரோடு ஆடுகிறது, எதற்காக ஆடுகிறது, அந்த ஆட்டம் அதன் வாழ்க்கையில் எதையெல்லாம் தின்றிருக்கிறது என்று கேட்டால்தான் எங்களுக்கு ஏதாவது பிடிபடும். இவற்றைத் தெரிந்துகொள்ளும் வேலையைப் பெற்றோர் செய்யாவிட்டால், ஆட்டத்தை விற்கிறவர்கள் செய்துவிடுகிறார்கள். என் சொற்பொழிவின் சாரம் இவ்வளவுதான்.

நோய் என்று எதைச் சொல்கிறோம்

உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 11-ஆம் பதிப்பு 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ என்ற பெயர் அதில் இடம்பெற்றிருக்கிறது. மூன்று அறிகுறிகள் சொல்லப்படுகின்றன. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது ஆடுபவர் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். படிப்பு, நட்பு, உறக்கம், பிற விருப்பங்கள் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டம் முன்னால் வந்திருக்க வேண்டும். கெடுதல் நேர்வது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆட்டம் தொடர வேண்டும். இவற்றால் வாழ்க்கை கணிசமாகச் சீர்குலைந்திருக்க வேண்டும். பொதுவாக இந்த நிலை ஓராண்டு நீடித்திருக்கவும் வேண்டும். இந்த வரையறையில் மணிக்கணக்கு எங்குமே இல்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இன்னும் தயங்கியே நிற்கிறது. 2013-இல் வந்த அதன் கையேடு, இதை மேலும் ஆராய வேண்டிய நிலைகளின் வரிசையில்தான் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முடிவை எதிர்த்து எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. மனச்சோர்வாலோ, பதற்றத்தாலோ, கவனக்குறைவுக் கோளாறாலோ தத்தளிக்கும் பிள்ளை ஆட்டத்துக்குள் போய் ஒதுங்குகிறது. ஒதுங்கிய இடத்தை நோயென்று சொல்லி, துரத்திய காரணத்தை விட்டுவிடுவோம் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், உண்மையிலேயே பிடி தளர்ந்துபோன பிள்ளைகளும் இருக்கிறார்கள். குளிப்பதில்லை, பள்ளிக்குப் போவதில்லை, ஃபோனை வாங்கினால் தாயைக் கைநீட்டி அடிக்கிறார்கள். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை 2014-இலேயே இதற்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியதற்குக் காரணம் இப்படிப்பட்ட பிள்ளைகள்தாம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். ஆடுபவர்கள் வாயால் சொன்ன நேரத்தை அவர்கள் நம்பவில்லை. நிறுவனங்களிடமே பதிவுகளை வாங்கி, ஏறத்தாழ 39,000 பேரின் ஆட்ட நேரத்தையும் மனநலத்தையும் ஒப்பிட்டார்கள். ஆடிய நேரத்துக்கும் மனநலத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. பிடித்து ஆடுகிறவர் நன்றாக இருந்தார். ஆடியே தீர வேண்டும் என்ற நெருக்குதலில் ஆடுகிறவரின் நிலை அப்படி இல்லை. இது வயதுவந்தோரிடம் நடந்த ஆய்வு. நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ‘எதற்காக’ என்ற கேள்வி ‘எவ்வளவு’ என்பதைவிட முக்கியம் என்று அது காட்டுகிறது.

ஆஸ்லோவில் ஒரு வீடு

நார்வே நாட்டின் ஆஸ்லோவில் மாட்ஸ் ஸ்டீன் என்றோர் இளைஞர் இருந்தார். 1989-இல் பிறந்தவர். டுஷேன் என்ற தசைச்சிதைவு நோய் அவருக்கு இருப்பது சிறு வயதிலேயே தெரிந்துவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு தசைகள் வலுவிழக்கும், நடை போகும், பிறகு கை போகும், கடைசியில் மூச்சும் போகும். வெளியே ஓடியாட முடியாத பையனுக்குக் கணினி ஆட்டம் துணையாயிற்று. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய ஆட்டத்தில் வாழ்நாளின் கடைசிப் பத்து ஆண்டுகளில் 15,000 முதல் 20,000 மணி நேரம் செலவிட்டிருக்கிறார். முழுநேர வேலை பார்க்கும் ஒருவரின் பத்தாண்டு உழைப்பு அது. மொத்த மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், என்னிடம் வரும் எந்தப் பிள்ளையும் அவர் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

பெற்றோர் அன்பானவர்கள். கவனிப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் மகன் தனிமையில் வாழ்கிறான், நட்பும் காதலும் எதுவுமே தெரியாமல் போகப்போகிறான் என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தார்கள். மாலையானால் அவர் கணினியை விட்டு நகர மாட்டார். எல்லாரையும்போல இரவு பத்து, பதினொரு மணிக்கு ஏன் படுப்பதில்லை என்பது தந்தைக்கு விளங்காத புதிராகவே இருந்தது. பகலில் மற்றவர்கள் பள்ளியிலும் வேலையிலும் இருப்பார்கள். மாலையில்தான் ஆட்டத்துக்கு வருவார்கள். நண்பர்கள் கூடும் நேரம் பார்த்து மகன் அங்கே போகிறார் என்பது தந்தைக்குப் புரிந்தபோது மகன் உயிரோடு இல்லை.

2014 நவம்பரில், 25 வயதில், மாட்ஸ் இறந்தார். அவர் எழுதிவந்த வலைப்பூவின் கடவுச்சொல் தந்தை ராபர்ட்டிடம் இருந்தது. அதில் மரணச் செய்தியைப் பதிந்து, தன் மின்னஞ்சல் முகவரியையும் போட்டு வைத்தார். கடிதங்கள் வரத் தொடங்கின. வெவ்வேறு நாடுகளிலிருந்து, முன்பின் தெரியாதவர்கள், ‘இபலின்’ என்ற தங்கள் நண்பனுக்காக அழுது எழுதியிருந்தார்கள். இபலின் என்பது அந்த ஆட்டத்தில் மாட்ஸின் பெயர். அடக்கத்துக்கு அவர்களில் சிலர் வேறு நாடுகளிலிருந்து ஆஸ்லோவுக்கே வந்து சேர்ந்தார்கள்.

மாட்ஸ் ‘ஸ்டார்லைட்’ என்றொரு குழுவில் இருந்தார். ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட குழு. அங்கே சண்டை போடுவதைவிடப் பேச்சுத்தான் அதிகம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, கூத்தாடுவதுபோல் நடித்துப் பேசுவார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண் அந்தக் குழுவில் இருந்தாள். ஆட்டமே கதியென்று கிடக்கிறாள் என்று அவள் பெற்றோர் கணினியைப் பறித்துக்கொண்டார்கள். அவள் சோர்ந்துபோயிருப்பதை அறிந்த மாட்ஸ், அந்தப் பெற்றோருக்கே ஒரு கடிதம் எழுதினார். ஆட்டத்தைப் பிடுங்கும்போது அவளுடைய நண்பர்களையும் சேர்த்துத்தான் பிடுங்குகிறீர்கள் என்பது அந்தக் கடிதத்தின் கருத்து. டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாய்க்கு, ஆட்டிசம் உள்ள தன் மகனை நெருங்க முடியவில்லை. நீங்களும் அவனோடு இந்த ஆட்டத்துக்குள் வந்து பேசிப்பாருங்கள் என்று வழி சொன்னவரும் மாட்ஸ்தான். தாயும் மகனும் முதலில் அங்கேதான் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டார்கள்.

இத்தனையும் ஒரே வீட்டுக்குள் நடந்தன. அந்த வீட்டாருக்குத் தெரியாது. குழுவினர் ஆட்டத்தில் பேசியவை பல்லாயிரம் பக்கங்களாகப் பதிவாகியிருந்தன. அவற்றை வைத்து பெஞ்சமின் ரீ இயக்கிய ஆவணப்படம் 2024-இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்று, உலகெங்கும் பார்க்கப்பட்டது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் ஆடட்டும், விட்டுவிடலாம்” என்று நீங்கள் எழுந்து போகக் கூடாது. மாட்ஸுக்கு மூடியிருந்த கதவுகள் உங்கள் பிள்ளைக்குத் திறந்திருக்கின்றன. திறந்த கதவுகளைத் தானே சாத்திக்கொண்டு ஒரு பிள்ளை உள்ளே உட்கார்ந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். மாட்ஸுக்கு வாய்த்தவர்கள் நல்லவர்கள். அதே வாய்ஸ் சாட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் படம் கேட்கும் கயவனும் வந்து உட்காரலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: இருட்டறை, ஹெட்ஃபோன், திரை வெளிச்சம். எது எது என்று கண்டுபிடிக்க, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் கேட்ட பேச்சு

இனி நம் ஊருக்கு வருவோம். நான் சொல்லப்போவது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. பல குடும்பங்களைச் சேர்த்து, அடையாளம் நீக்கிச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன். அப்பா பேசுகிறார், அம்மா இடையிடையே எடுத்துக்கொடுக்கிறார், பையன் தரையைப் பார்க்கிறான்.

“என்ன கேம் ஆடுறான்?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“அதான் டாக்டர், அந்தத் துப்பாக்கி கேம்.”

“ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்ப்பா” என்று முனகினான் பையன்.

“ரேங்க் என்ன தம்பி?”

அவன் முதல்முறையாக நிமிர்ந்தான். “ஹீரோயிக் சார். டைமண்ட்லேயே ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன். போன மாசம்தான் ஏறுனேன்.”

“ஸ்க்வாட்ல யார் யாரு?”

“ரெண்டு பேரு ஸ்கூல் பசங்க. இன்னொருத்தர் ஓசூர்.”

“அவரைப் பாத்திருக்கியா?”

“இல்ல சார். வாய்ஸ்ல பேசுவாரு. டாப்-அப்கூட ஒரு வாட்டி அவருதான் போட்டு விட்டாரு.”

அம்மா சட்டென்று திரும்பினார். “யாருடா அது, ஓசூர்ல?”

நாளைக்கு ஆறு மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்த வீட்டில், மகனுக்குப் பணம் போட்டுவிடும் முகம் தெரியாத ஒருவரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. கணக்குப் பாடம் எட்டாம் வகுப்பிலேயே கைவிட்டுப் போய், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்பட்ட பையன் அவன் என்பதும், ‘ஹீரோயிக்’ என்ற ஒரே ஓர் இடத்தில்தான் அவனை யாரோ மதிக்கிறார்கள் என்பதும் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக வெளிவந்தன. ஃபோனைப் பிடுங்கியிருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

பிடுங்கும் காட்சி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். சோறு போட்டுவிட்டு அம்மா கூப்பிடுவார். “ஒரு நிமிஷம்மா, மேட்ச் முடியட்டும்.” மூன்றாவது கூப்பாட்டில் அப்பா வைஃபையை அணைப்பார். பையன் ஃபோனைச் சுவரில் எறிவான். பெரியவர்களுக்கு இது திமிர். அவன் பக்கத்தில் நடந்தது வேறு. நான்கு பேர் சேர்ந்து இறங்கும் ஆட்டம்; நடுவில் நிறுத்தி வைக்கும் வசதி கிடையாது. ஒருவன் திடீரென்று காணாமல் போனால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள், ரேங்க் இறங்கும், நாளை வகுப்பில் வசவு கிடைக்கும். ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச் பத்துப் பதினைந்து நிமிடம். பப்ஜி வகை ஆட்டத்தில் அரை மணி வரை இழுக்கும். இது தெரிந்த அப்பா, “இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம்?” என்று கேட்பார். “எட்டு நிமிஷம்ப்பா” என்றால், எட்டாம் நிமிடம் வந்து நின்று, “முடிஞ்சுதா, அடுத்தது ஆரம்பிக்காதே, சாப்பிட வா” என்பார். அடுத்த மேட்சுக்குள் அவன் நுழைந்தால் அப்போது கண்டிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நிறுத்தும் கட்டுப்பாடு கைவிட்டுப் போவதுதான் நோயின் முதல் அறிகுறி என்று சொன்னேன். அந்தக் கட்டுப்பாட்டைப் பழக வீட்டில் கிடைக்கும் ஒரே இடம் இரண்டு மேட்ச்களுக்கு இடைப்பட்ட அந்த நேரம். ஒவ்வொரு முறையும் வைஃபை ஸ்விட்சே நிறுத்தினால் பிள்ளை எப்போது பழகும்?

விற்கிறவர்களின் கணக்கு

பிள்ளை எப்போது சோர்கிறது, எதற்கு மயங்குகிறது என்று ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கிறது. தினமும் உள்ளே வந்தால் பரிசு. ஒரு நாள் வராவிட்டால் வரிசை அறுந்துபோகும். சீசன் முடிவதற்குள் ராயல் பாஸை நிறைவு செய்யாவிட்டால் அந்த உடையும் துப்பாக்கித் தோலும் கிடைக்காது. பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். உள்ளே என்ன வரும் என்று திறந்த பிறகுதான் தெரியும். எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் உயிர்கள் விடாமல் முயல்கின்றன என்பது உளவியலில் பழைய கண்டுபிடிப்பு. காசு கட்டித் திறக்கும் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் சொல்லிவிட்டது. ரூபாய், ஆட்டத்துக்குள் செல்லும் டைமண்டாகவும் யூசியாகவும் மாறிவிடுவதால், செலவழிப்பது அம்மாவின் சம்பளம் என்பது பிள்ளைக்கு உறைப்பதில்லை.

‘ஃபோர்ட்நைட்’ ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்குகளில் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியைச் சிறுவர்களுக்கும் தொடக்கத்திலேயே திறந்து வைத்திருந்தது ஒரு குற்றச்சாட்டு. தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினாலே பணம் போகும்படி திரையை அமைத்திருந்தது இன்னொன்று. இதை வடிவமைப்பவர்கள் படித்த பெரியவர்கள். எதிரே இருப்பது பத்து வயது. இந்த நிலையில் பிள்ளைக்குச் சுயகட்டுப்பாடு இல்லை என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

தென்கொரியா 2011-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய ஆட்டம் ஆடக் கூடாது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். ஆட்டமும் கணினியிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்தது. 2022 தொடக்கத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனா இன்னும் கடுமை: 2021 முதல் சிறார்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும்தான் அனுமதி. அதற்கு முன்பு அந்நாடு 2019-இல் போட்ட கட்டுப்பாட்டை ஆராய்ந்தவர்கள், மிகுதியாக ஆடுவது அதனால் குறைந்ததற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை என்று 2023-இல் எழுதினார்கள்.

இங்கே 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே வேறு பெயரில் திரும்பி வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம், 7,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்! நம்மில் பல வீடுகளின் மாத வாடகை அது. பெற்றோரின் கைப்பேசி எண்ணையும் கேட்டார்கள். எந்த எண்ணைப் போடுவது என்று பிள்ளைக்குத் தெரியாதா?

பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வேறு விஷயம். அதில் உயிர்களை இழந்த மாநிலம் தமிழ்நாடு. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரை, சட்டமன்றத்தின் சட்டம், நீதிமன்ற வழக்குகள் என்று நீண்ட அந்தப் போராட்டத்துக்குப் பின், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பண ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தது. அது தேவையான சட்டம். அதை மற்ற ஆட்டங்களோடு குழப்பிக்கொண்டு, “கேம் எல்லாம் தடை ஆயிடுச்சே, இன்னும் ஏன்டா ஆடுறே” என்று பிள்ளையிடம் கேட்டால், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அது அத்தோடு முடிவுகட்டிவிடும்.

இந்த ஃபோனை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-இல். இடைப்பட்ட காலத்தில் நகையை வைத்துக்கூட ஃபோன் வாங்கிக் கொடுத்தோம், வகுப்பு கவனிக்க. தெருவில் ஆடப் போகாதே என்றோம். ஒன்றரை ஆண்டு கூட்டாளிகள் அந்தத் திரைக்குள்தான் இருந்தார்கள். பள்ளி திறந்ததும் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வா என்றால் அது ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை.

செய்ய வேண்டியவை

பெற்றோருக்கு முதலில். வாரத்தில் ஒரு நாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் முழுதாகப் பாருங்கள். அறிவுரை வேண்டாம். யார் இது, ஏன் அங்கே ஓடுகிறாய், இந்த டைமண்டுக்கு எவ்வளவு காசு என்று கேளுங்கள். தனக்குத் தெரிந்ததை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு பிள்ளைக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது, விடாது. யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். தெரியாதவர்களோடு பேசும் வசதியைச் சிறு பிள்ளைகளுக்கு அணைத்து வையுங்கள். இரவில் வீட்டு ஃபோன்கள் எல்லாம், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். உங்கள் ஃபோன் தலையணைக்கடியில் இருந்தால் இந்த விதி ஒரு வாரம் தாங்காது.

கவலைப்பட வேண்டிய நேரம் எது? முன்பு பிடித்தவை ஒவ்வொன்றாக உதிரும்போது. கூட்டாளிகள் வீட்டுக்கு வருவது நின்றுபோகும்போது. மதிப்பெண் சரிவதோடு உறக்கமும் சாப்பாடும் கெடும்போது. வெளியே போகச் சொன்னால் பயம் தெரியும்போது. அப்போது ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். யாராவது பிள்ளையை மிரட்டுவதாகத் தெரிந்தால் சிறார் உதவி எண் 1098. அந்த நேரத்தில், “அன்னைக்கே சொன்னேன்ல” என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வராது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. வீட்டில் புரிந்துகொள்வதில்லை என்று சொல்கிறீர்கள், சரி. ஸ்க்வாட்டில் இருப்பவர் யார் என்று அம்மாவிடம் சொல்ல முடியவில்லை என்றால், அவர் உங்கள் ஸ்க்வாட்டில் இருக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தை மாற்றி நடத்துங்கள்: மாணவர்கள் முன்னால் நிற்கட்டும், தாங்கள் ஆடும் ஆட்டம் என்ன, அதில் எங்கே காசு பறிக்கிறார்கள், யார் வந்து வம்பு செய்கிறார்கள், ஏன் விட முடியவில்லை என்று அவர்களே பெற்றோருக்குப் பாடம் எடுக்கட்டும். இந்த ஊரின் பள்ளிகளில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொள்கிறேன். என்னை அழையுங்கள்.